சீட் அக்காவின் பூட்டு

கீபோர்டுக்குப் பக்கத்தில் பூட்டை ‘டக்’கென்று வைத்துவிட்டுத்தான் சீட் அக்கா உட்காருவார். மாதம் பிறந்தால் இது தவறாது. அறுபட்ட வளையமும் துருவுமாக இருக்கும் அதைக் கண்டதும் பிரவுசிங் சென்டர்க்காரர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிடுவார்.

அக்கா பைக்குக்கும் பஸ்ஸுக்கும் சீட் கவர் தைப்பவர். ஒரு ஷட்டர் அகலக் கடை, கனத்த தையல் மெஷின், சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள். முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்கும் ஆள் எல்லாம் அவரே. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே வாடிக்கையாளரைத் திட்டுவார். “வண்டிய மழையில போட்டுட்டு, கவர் கிழிஞ்சுதுன்னு வராதீங்க. நான் தைக்கறவ, குடை இல்ல.”

பள்ளிக்கூட பஸ்களுக்குத் தைக்க வேண்டுமென்றால் பில்லில் வரி எண் இருக்க வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் பக்கமே போகாத அக்காவுக்கு சென்டர்க்காரர்தான் விண்ணப்பித்துத் தந்தார்; அவசரத்தில் தன் செல் நம்பரையே அதில் போட்டுவிட்டார். வந்த எண்ணை அக்கா கடைப் பலகையில் சிவப்பு பெயின்ட்டில் எழுதிவைத்தார்.

பிறகு வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். திரும்பி வந்தபோது சாவி திரும்பவில்லை. பூட்டை அறுத்துத்தான் திறந்தார். காத்திருந்த பஸ் ஆர்டரும் வந்தது. ஆனால் பில் போடப் போனால், எண் ரத்தாகிவிட்டது என்றார்கள்.

வரி அலுவலகத்தில் அந்தப் பூட்டையே சாட்சியாக மேசைமேல் வைத்தார்.

“பாருங்க சார், துரு. தெறக்கவே இல்ல. பூட்டின கடைக்கு என்ன சார் கணக்கு?”

“விற்பனை இல்லன்னா, இல்லன்னு மாசாமாசம் பதிவு பண்ணணும்மா. எத்தன மெசேஜ் அனுப்பினோம், பாக்கலையா?”

விற்காத மாதங்களுக்கும் தாமதக் கட்டணம் உண்டாம். கடை பூட்டியிருக்கிறதா, கணக்கு மறைக்கப்படுகிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதுதான். விதியில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அதை அக்காவின் காதில் போடுவது யாருடைய வேலை? அதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை.

அங்கிருந்து நேராக சென்டருக்கு வந்தார்.

“மெசேஜ் வந்துதா தம்பி?”

“வந்துச்சுக்கா. ஊர்ப்பட்ட கடைக்கு என் போனுக்குத்தான் வருது. எது யாருதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“என் கடைக்கு நீதான் மொதலாளின்னு எனக்கும் தெரியாமப் போச்சே. வா, வந்து மெஷின்ல உக்காரு.”

எண்ணுக்கு மறுபடி உயிர் வருவதற்குள் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. அந்த பஸ்கள் அக்காவின் கடை வழியாகத்தான் போகின்றன. சிக்னலில் நின்றால் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். “கோணத் தையல்,” என்பார். அன்று முழுக்க மெஷின் சத்தம் அதிகமாக இருக்கும்.

இந்த வருடம் மறுபடியும் அந்த ஆர்டரைக் கேட்டிருக்கிறார். எண் உயிரோடு இருக்க வேண்டும். இப்போது பதிவில் இருப்பது அக்காவின் சொந்த செல் நம்பர். இந்த மாதக் கணக்கு ஏறிய பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த பட்டன் போன் சிணுங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

“அதான் மெசேஜ் வந்துடுச்சேக்கா. இனிமே இந்தப் பூட்டத் தூக்கிட்டு வராதீங்க. பாக்கறவங்க என்னன்னு கேக்கறாங்க.”

“சரி, தூக்கிட்டு வரல.”

முந்தானையால் பூட்டைத் துடைத்தார். கைப்பையில் போடவில்லை. சென்டர்க்காரர் கைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, கடை திறக்கப் போனார்.