திசையில்லாத வாடை

ரிஃபாய் பண்டாரி சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. திருமலைராயன்பட்டினத்தில் கல்யாணமோ, நபி புகழ் ஓதும் மவ்லூதோ, பெரிய தேக்சாவில் பிரியாணி என்றால் அவர்தான் வர வேண்டும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சும்போது நாக்கில் ஒரு சொட்டு விட மாட்டார். ஆவியை முகர்ந்தே உப்புப் பார்த்துப் பழகியவர், மற்ற மாதங்களிலும் அதையே வைத்துக்கொண்டார். யாராவது கரண்டியை நீட்டினால், "நாக்கு நம்மள ஏமாத்திப்புடும். மூக்கு ஏமாத்தாது" என்பார்.

அந்த மூக்குதான் ஏமாற்றியது.

ஒரு மவ்லூது விருந்தில் தம் போட்டு மூடியிருந்த நேரம். அடிப்பிடித்த வாடை குப்பென்று வந்தது. பாய்ந்து போய், மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மாவைப் பெயர்த்துத் திறந்துவிட்டார். உள்ளே ஒன்றும் தீயவில்லை. ஆவி போனதுதான் மிச்சம். சோறு விதை விதையாக நின்றது. வந்தவர்கள் மென்றுகொண்டே இருந்தார்கள்.

அடுத்த வாரம் வீட்டில் அதே வாடை. வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறியது, இடது கை விரல்கள் மரத்தன, கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விட்டது. மனைவி நஜீபா கேஸைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஊருல எங்கயும் தீயலங்க. உங்களுக்குள்ளதான் என்னமோ தீயுது."

ஸ்கேன் அதையே சொன்னது. வலது காதுக்கு மேலே, மூளையில், நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. இல்லாத வாடையை அதுதான் கிளப்புகிறது. அதுவும் ஒரு வகை வலிப்பு என்றார் புதுச்சேரி டாக்டர். மாத்திரை கொடுத்தார். வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பு அருகே நிற்கக் கூடாது என்றார்.

"பார்த்தா நல்ல சுபாவமுள்ள கட்டியாத்தான் தெரியுது. எடுத்துடலாம்."

"நல்ல சுபாவம்னா கேட்டுக்கிட்டுல்ல சார் உள்ள வந்துருக்கணும்" என்றார் ரிஃபாய்.

டாக்டர் சிரித்தார். ரிஃபாய் சிரிக்கவில்லை. "அதை எடுக்கறப்ப மூக்கும் போயிடுமா?" என்று கேட்டார். போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டர். பிழைப்பேனா என்று கேட்க ரிஃபாய்க்கு வாய் வரவில்லை. அதை நஜீபா கேட்டாள். பெரும்பாலும் ஆபத்தில்லை என்று பதில் வந்தது. அந்தப் 'பெரும்பாலும்' ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது.

ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை நோன்புக் கஞ்சியைக் காரணம் காட்டினார். அடுத்த முறை சளி என்றார். இப்போது ஒரு கல்யாண விருந்து.

"இது முடிஞ்சா போறீங்க. போகலன்னா நானே அம்மிக்கல்லால ஆபரேஷன் பண்ணிடுவேன்" என்றாள் நஜீபா. விருந்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். அவர் அடுப்பிலிருந்து எட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். நெருப்பு வேலை முழுவதும் அவரோடு நெடுநாள் வேலை பார்க்கும் நூர் அகமதுவுக்கு. ரிஃபாய்க்கு வாடை வந்தால் அவளைப் பார்க்க வேண்டும். அவள் இல்லையென்று தலையை ஆட்டினால் ஒன்றுமில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தினால் நிஜமாகவே தீய்கிறது.

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், ஆண்கள் மட்டும் புழங்கும் சமையல் கொட்டகையின் ஓரத்தில், நஜீபா வெங்காயக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரிஃபாய் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கை கோத்து.

"நானா, மாப்புள்ளை உள்ள இருக்காரா, இங்க இருக்காரா?" என்றான் நூர் அகமது. அவனுக்கு ரிஃபாய் நானா, அதாவது அண்ணன்; நஜீபா லாத்தா, அக்கா. "ஒரு மாலை போட்டா சரியா இருக்கும்."

"மொதல்ல கரியைப் பாரு. அப்புறம் எனக்கு மாலை போடலாம்."

சொன்னபிறகு அந்த வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை. நஜீபா வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக அரிந்தாள்.

மூன்று தேக்சாவுக்கும் தம் போட்டாயிற்று. சற்று நேரத்தில் வந்தது. நெஞ்சில் ஏறியது, விரல் மரத்தது, தலை முழுக்கத் தீய்ந்த வாடை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நஜீபாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாடை போயிற்று. மாவு பெயரவில்லை.

"பலே" என்றாள் நஜீபா, மெதுவாக.

உள்ளே சஹன் வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு தட்டுக்கு நாலு பேராக வந்து அமர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது மறுபடியும் வாடை. நஜீபாவைப் பார்த்தார். தலையாட்டினாள். முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வாடை குறைந்தது. வலப்பக்கம் திருப்பினார், கூடியது.

"நூரு! கடைசி தேக்சா! கீழக் கரியை இழு!"

நூர் அகமது அவரைப் பார்க்கவில்லை. நஜீபாவைப் பார்த்தான். "லாத்தா?"

"ஒண்ணும் தீயல" என்றாள் அவள். "வுடுங்க, போயிடும்."

"இது அது இல்லடி. நெஞ்சுல ஏறல. கை மரக்கல. இதுல நெய் இருக்கு, வெங்காயம் இருக்கு. அந்தப் பக்கத்துலேருந்து வருது. அது வர்றப்ப எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரே மாதிரி இருக்கும். அதுக்குத் திசையே கெடையாது."

"நானா, தொறந்துட்டு அப்புறம் போன தடவை மாதிரி..."

"தொறக்காதடா மடையா! கரியை மட்டும் இழுன்னுதான் சொல்றேன்!"

நஜீபா எழுந்தாள். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து ரிஃபாய் இருந்த பக்கமாக வீசிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சுற்றிக்கொண்டு கடைசி தேக்சாவின் அந்தப் பக்கம் போய்க் குனிந்து முகர்ந்தாள். முந்தானை மூக்குக்குப் போனது.

"இழுடா நூரு! இழு!"

கரி சீறிக்கொண்டு வெளியே வந்தது. கொட்டகையில் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும் வரை ரிஃபாய் சிரித்தார். பெண்ணைப் பெற்ற வாப்பா ஓடி வந்து, "என்ன பண்டாரி, பிரியாணி தீயுதுங்கறாங்க, நீங்க சிரிக்கிறீங்க?" என்றார்.

"தீஞ்சிருக்கு முதலாளி! நெசமாவே தீஞ்சிருக்கு!"

அடியில் ஒரு விரல் அளவு காந்தல். மேலே சோறு பூவாக இருந்தது. சஹனில் உட்கார்ந்த கிழவர்கள் அந்தக் காந்தலைச் சுரண்டித் தரச்சொல்லிச் சண்டை போட்டார்கள்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் ரிஃபாய் சொன்னார்: "மூக்கு நல்லாத்தான் இருக்கு நஜீபா. கட்டிதான் பொய் சொல்லுது. அதை எடுத்துடச் சொல்லு."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா பயம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியுதுல்ல."

புதுச்சேரியில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே, மொட்டைத் தலையோடு தள்ளுவண்டியில் படுத்திருந்தார். பட்டினி வேறு. தள்ளிச் செல்பவர் கதவைத் திறக்கப் போனார். ரிஃபாய் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு நஜீபாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அவளுக்கு முகம் வெளுத்தது. இருந்தாலும் விதிப்படி மூக்கை நிமிர்த்தி, ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பி, நிதானமாக முகர்ந்தாள்.

"பினாயில் வாடைதாங்க. அந்தக் கக்கூஸ் பக்கத்துலேருந்து."

"எனக்கும் அதேதான்" என்றார் ரிஃபாய். "சரி தம்பி, தள்ளுங்க."