மேலப்பாளையத்துக்கு ஐஸ் பெட்டியில் போன ஊசி

குளிர்ச்சி குறையாமல் ரயிலில் மருந்து கொண்டுபோவது எப்படி என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு முறைதான் கொண்டுபோயிருக்கிறேன். 1998 மே மாதம், சென்னையிலிருந்து மேலப்பாளையத்துக்கு. அங்கேதான் என் லாத்தா, அதாவது அக்கா, இருந்தார். அவர் கணவருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்றுநோய். மச்சான் இளவயதில் பம்பாயில் கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் சுற்றியவர். அந்தத் தூசி முப்பது வருடம் பொறுத்திருந்து வேலையைக் காட்டிவிட்டது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இன்டர்ஃபெரான் ஊசியை வெளிநாட்டில் இதற்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். "உறுதி கிடையாது, முயற்சிதான்" என்றும் சொன்னார். எங்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. சென்னையில் நாயாய் அலைந்து ஒரு குப்பி வாங்கினேன். கடைக்காரர் "கூலா வச்சுக்கோங்க" என்றதோடு சரி.

அதை ஐஸ் பெட்டியில் வைத்துச் சாயங்காலம் எழும்பூரில் ரயிலேறினேன். மதுரையில் இறங்கி ஓடி ஐஸ் மாற்றினேன். காலை ஒன்பதரைக்கு நெல்லை ஜங்ஷன். மேலப்பாளையம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ முப்பது ரூபாய்.

"பெட்டியில மீனா, அண்ணாச்சி?"

"மருந்து."

"அப்ப பைய போவோம்" என்றார் ஓட்டுநர். ஒரு பள்ளத்தில்கூட விடவில்லை, நல்ல மனிதர்.

மருந்தைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். நானும் மச்சானும் டாக்டரிடம் கிளம்பும்போது லாத்தா அதை மேலே ஐஸ் உறையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். "கரண்டு போனா கீழ சூடாயிருமுல்லா, அதான் மேல வச்சேன்" என்றார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உறைஞ்சிட்டுதே. இனி உருகினாலும் போடக் கூடாது." அடுத்தது வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் மச்சான் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "மாப்ளே, லாத்தாகிட்ட ஊசி போட்டாச்சுன்னு சொல்லு. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

அப்படியே சொன்னோம். அடுத்த மருந்து வருவதற்குள் மச்சான் மவுத்தாகிவிட்டார்.

இன்று இந்த நோய்க்கு வேறு எதிர்ப்புச் சக்தி மருந்துகள் வந்திருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்ன குளிரில் வைக்க வேண்டும், உறையலாமா கூடாதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பிரிட்ஜைத் திறக்கும் எல்லோரிடமும் அதைச் சொல்லுங்கள்.

லாத்தா போன வருடம் காலமானார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. கடைசிவரை வருகிறவர்களிடமெல்லாம், "எந் தம்பி கொண்டாந்த ஊசியிலதான் ரெண்டு மாசம் கூட இருந்தாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடமே கேட்டார்: "இன்னொண்ணு வாங்கியிருந்தா பொழச்சிருப்பாவளோ?"

"கிடைக்கல லாத்தா" என்றேன்.