தலைப்பு வரியைப் படிக்காத புரோகிராம்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் என் கொழுந்தியாளுக்குக் ‘கமா’ என்று பெயர். வைத்தவர் முதலாளி. பில் போடச் சேர்ந்தவள், தன் பெண்கள் இருவரும் கல்லூரிக்குப் போன பிறகு மாலை வகுப்பில் புரோகிராம் எழுதப் படித்தாள். கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் தொல்லை அவளால்தான் ஒழிந்தது.

ஆர்டர்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக வரும். முதல் வரியில் தலைப்புகள்; அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு வாடிக்கையாளர். பெயர், வலது கண் பவர், இடது கண் பவர், ஃபிரேம் எண் என்று நடுநடுவே கமா. புரோகிராமில் ஓர் ஆர்டருக்கு வேண்டிய விவரங்களை வரையறுக்கும் ஒரு ‘கிளாஸ்’ உண்டு. கண்ணாடிப் பட்டறையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லியே அவளுக்குப் பாதி நாள் போனதாம். கோப்பின் ஒவ்வொரு நெடுவரிசையும் கிளாஸில் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். அதிலிருந்து சீட்டு அச்சாகும். சீட்டைப் பார்த்து மெஷின்காரர் லென்ஸ் தேய்ப்பார்.

ஒரு வாரம் பெரிய கடை ஒன்றிலிருந்து கண்ணாடிகள் திரும்பி வரத் தொடங்கின. போட்டால் தலை சுற்றுகிறதாம். முதலாளி மெஷின்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“வயசாயிடுச்சு அண்ணே. கை நடுங்குதுன்னா சொல்லிடுங்க. மாசக் கடைசியோட வேலையை நிறுத்திக்கலாம்.”

“நடுங்கினா மத்த கடைக்காரங்க மட்டும் சும்மாவா இருப்பாங்க? சீட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் தேய்ச்சேன்.”

“சீட்டு கம்ப்யூட்டர் போட்டது. அது தப்புப் பண்ணாது.”

கமா திரும்பி வந்த கண்ணாடிகளை மேசையில் பரப்பினாள். அதே கடைக்குப் போய்த் திரும்பாதவற்றின் சீட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். திரும்பாதவர்கள் அத்தனை பேருக்கும் இரண்டு கண்ணிலும் ஒரே பவர். திரும்பியவர்களுக்கு வெவ்வேறு. மெஷின் ஆள் பார்த்துப் பழுதாகாது.

கோப்பைத் திறந்தாள். கடைக்காரர் தன் வசதிக்கு இடது கண் நெடுவரிசையை வலது கண்ணுக்கு முன்னால் நகர்த்தியிருந்தார். தலைப்பையும் சேர்த்து ஒழுங்காகத்தான் நகர்த்தியிருந்தார். புரோகிராமோ தலைப்பு வரியைத் தாண்டிவிட்டு, இரண்டாவதாக வருவது வலது கண் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தது. அப்படி எழுதியவள் அவளேதான்.

“சார், அண்ணன் மேல தப்பில்ல. தப்பு என்னோடது. தலைப்பைப் படிக்காம எத்தனாவதுன்னு எண்ணி எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

“ஏம்மா, ஒருத்தரைத் திட்டியே முடிக்கல. அதுக்குள்ள நீ வந்து நிக்கிறியே?”

“திட்டுறதை அப்புறம் வச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்.”

“பண்ணலன்னா?”

“நிறுத்தறதுன்னா என்னை நிறுத்துங்க. அண்ணனை விட்டுடுங்க.”

மெஷின்காரர் தலையை நீட்டினார். “வக்கீல் வச்சா ஃபீஸ் குடுக்கணும். என்கிட்ட இல்லம்மா.”

கிளாஸில் ஒவ்வொரு விவரத்தின் மேலும் அது எந்தத் தலைப்புக்கு உரியது என்று எழுதினாள். ‘வலது கண்’ என்ற தலைப்பு கோப்பில் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வலது கண்ணில் கொண்டுவந்து வைக்கவேண்டும். சில கடைகள் ‘வலது’ என்று மட்டும் போடும்; அதையும் சேர்த்தாள். எண்ணி எடுக்கும் வரிகளை அழித்தாள்.

சாயங்காலம் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நெடுவரிசைகளைத் தாமே தாறுமாறாகக் கலைத்தார். பெயர் கடைசிக்குப் போனது, ஃபிரேம் எண் முன்னால் வந்தது. சீட்டு பிசகவில்லை. இன்னொரு தடவை கலைத்தார். அப்போதும் பிசகவில்லை. கடைசியில் குறும்பாகத் தலைப்பு வரியையே அழித்துவிட்டு ஓட்டினார். சீட்டு வரவில்லை. ‘வலது கண் எது என்று தெரியவில்லை’ என்று திரையில் வந்து நின்றது.

“என்னம்மா இது, வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புது?”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது சார். ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது. குத்துமதிப்பாத் தேய்ச்சா லென்ஸும் போச்சு, கடையும் போச்சு. இதை மட்டும் மாத்த மாட்டேன்.”

முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு திரையையே பார்த்தார். பிறகு எழுந்து மெஷின் பக்கம் போனார்.

“அண்ணே, காலையில சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க.”

“எதை?” என்றார் மெஷின்காரர். திரும்பி வந்த முதல் கண்ணாடிக்கான புதுச் சீட்டை அதற்குள் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.