தீ தெரியாத அடுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். புதிதாக இணைப்பு வாங்கும் வீடுகளுக்குப் போய், அடுப்பைப் பத்திரமாகப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. "தீயைக் கண்ணால பாருங்க, கசிவை மூக்கால புடிங்க. அப்புறம் பயமே இல்ல" என்று தினமும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "கிண்டியில ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல ஹைட்ரஜன் அடுப்பு செஞ்சிருக்காங்களாம். நாளைக்கு வீடுகளுக்கு வந்தா நாமதானே சொல்லித்தரணும்? போய்ப் பாத்துட்டு வாங்கம்மா" என்றார். தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கிற வாயுவாம். மெட்ராஸில் குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் அடுப்பு வேறா என்று சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஆனாலும் அதைப் பார்க்காவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

அங்கே என் வயதுள்ள ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். ஜன்னல் வழியாக மேசைமேல் நல்ல வெயில். அடுப்பைத் திருகிப் பற்றவைத்துவிட்டு, "எரியுது மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். எங்கே எரிகிறது? பர்னர்மேல் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்றும் அனல் அடிக்கவில்லை. அணைந்துபோனது தெரியாமல் பேசுகிறாரே, பாவம் என்று நினைத்தேன். அடுப்பு எரியாத வீடுகளில் குனிந்து மோந்து பார்ப்பது என் வழக்கம். இங்கேயும் குனிந்தேன்.

"ஐயோ, வேணாம்!" என்று கத்தி, என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முடி பொசுங்குகிற நாற்றம். முன்நெற்றியில் கொஞ்சம் முடி கருகியிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை குனிந்திருந்தால் கண்ணே போயிருக்கும். "இந்தத் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது மேடம்" என்றார்.

அவர் ஒரு சிட்டிகைத் தூள் உப்பை எடுத்து அடுப்பின்மேல் தூவினார். ஒன்றுமில்லாத இடத்தில் மஞ்சளாகத் தீ எழுந்து மறைந்தது. அம்மாடி! இருந்த பயமெல்லாம் எங்கே போனதோ, "இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

"சரி, கசிஞ்சா வாசனையாவது வருமா?" என்று கேட்டேன்.

"வராது மேடம். ஏதாவது கலக்கணும். உங்க கேஸுல கலக்குற மாதிரி."

"எங்க கேஸுலயா?"

"அதுக்கும் சொந்தமா அந்த நாத்தம் கெடையாதே. கசிஞ்சா தெரியணும்னு கலந்துதான் அனுப்புறாங்க."

எத்தனை வீடுகளில் மூக்கை நம்பச் சொல்லியிருப்பேன்! அந்த மூக்குக்கு வேலை கொடுத்ததே இன்னொருவர் என்று எனக்கே தெரியாது.

"அப்ப இதுக்கும் ஒரு நாத்தத்தையும் நெறத்தையும் குடுத்துட்டு, அப்புறமா எங்க வீட்டுக்குள்ள அனுப்புங்க" என்றேன்.

"அதுதான் பெரும்பாடா இருக்கு" என்று சிரித்தார்.

ஏஜென்சிக்குத் திரும்பியதும் சிலிண்டர் போடுகிறவர், "இன்னா மேடம், முடி கருகிக்கீது?" என்றார். "நாளைக்கு வரப்போற அடுப்பை இன்னிக்கே மோந்து பாத்துட்டேன்" என்றேன்.

அந்த அடுப்பு இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் சமையலறையில் லேசாக கேஸ் நாற்றம் அடித்து, ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடும்போதெல்லாம், இப்படி ஒருநாள் என் வீட்டில் கசியும் என்று எனக்கு முன்பே யோசித்துவைத்த அந்த முகம் தெரியாதவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.