லீவு போடாத அண்ணனும் நாளைக்கு ஓடப்போகும் தம்பியும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. பிறந்த ஊரில் தொடங்கி நன்றியில் முடிப்பதுதான் முறை. அப்படியே எழுதுகிறேன். ஆனால் ஒரு காரியத்தை முதலில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. நாளைக் காலையில், அண்ணனின் நினைவாக என்று சொல்லி, எங்கள் தம்பி கடியப்பட்டணத்திலிருந்து குளச்சல் வரை ஓடப் போகிறான். மாடிப்படி ஏறினாலே அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையை இன்னும் செய்யவில்லை. அவனைத் தடுக்க என் ஒருத்தியால் முடியவில்லை.

அண்ணன் மண்டைக்காட்டுக்கு வடக்கே, அம்மாவின் வீட்டில் பிறந்தார். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தார். காய்ச்சலோ மழையோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று படுப்பது ஏதோ திருடி மாட்டிக்கொண்டது போலத்தான். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வரும் பிள்ளைக்கு ஓய்வுநாள் பள்ளியில் வருடக் கடைசியில் பரிசு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. அம்மா அவர் தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி அனுப்பி வைத்தார். கொஞ்ச நாளில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியது. அண்ணனுக்கு எவர்சில்வர் தட்டு கிடைத்தது. அடக்க ஆராதனையில் பெரியப்பா இதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். படிப்பை முடித்த கையோடு அண்ணன் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியவர் அவர். தம்பியைப் படிக்க வைத்துத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவரும் அவர்தான். தனக்கென்று ஒரு நல்ல சட்டை எடுத்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. லீவும் போட்டதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதையும் அன்றைக்குப் பெருமையாகத்தான் பேசினார்கள்.

நான் எனக்குள்ள தற்செயல் விடுப்பில் ஒன்றைக்கூட வீணாக்காதவள். அதனால் வீட்டில் எனக்கு ‘லீவு டீச்சர்’ என்று பெயர்.

“ஏட்டி, இன்னைக்கும் லீவா? ஒனக்க பிள்ளைகளு படிச்சு வெளங்குனது போலதான்” என்பார் அண்ணன்.

“அண்ணன் ஒரு நாளு போட்டுத்தான் பாருங்களேன். கம்பெனிய பூட்டிட்டா போயிருவாவ?” என்பேன்.

சிரிப்பார். போடமாட்டார்.

ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு உடம்பு கனத்தது, சர்க்கரை எட்டிப் பார்த்தது. அப்போதுதான் ஓடத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது என்ன அருமையான ஓட்டம்! மெதுவாக ஓடுவார். மண்டைக்காட்டுக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்காருவார். இளநீர் குடிப்பார். வரும்போது கையில் ஒரு பொதி மீன் இருக்கும். நன்றாகத் தூங்கினார், பிள்ளைகளோடு விளையாடினார். “ஓடிட்டு வந்தா மனுசன் குளிமுறியில பாட்டுல்லா படிக்காரு” என்று அண்ணன் மனைவியான எங்கள் மைனி அந்தக் குளியலறைப் பாட்டை என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்காத சுகம் அவருக்கு அந்தக் கொஞ்ச காலம் வாய்த்தது.

அதையும் ஆபீஸ் விட்டுவைக்கவில்லை. ஊழியர் நலம் என்று சொல்லி ஓட்டப் போட்டி தொடங்கினார்கள். அணி அணியாகப் பிரித்தார்கள், ஆளுக்கொரு வாட்ச், யார் எவ்வளவு ஓடினார் என்பது எல்லோருடைய போனிலும் தெரியும். மேலதிகாரியும் பார்ப்பார். அதன்பிறகு கடற்கரையில் உட்காருவது நின்றது. காதில் மாட்டிக்கொண்டு மீட்டிங் கேட்டபடியே ஓடினார். பாட்டும் போயிற்று. உடம்பைத் தேற்ற வந்த ஓட்டம் இரண்டாவது வேலை ஆகிவிட்டது.

கடைசியாக வந்த காய்ச்சல் அவரை உலுக்கிவிட்டது. காய்ச்சல் விட்டாலும் கொஞ்ச நாளைக்கு ஓடக் கூடாது, நெஞ்சைப் பரிசோதித்த பிறகுதான் ஓடலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அண்ணன் தலையணைமேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தார். போட்டியின் கடைசி வாரம் வந்தது. “என்னால டீமு தோத்துரப்பிடாதுல்லா” என்று மைனியிடம் சொல்லிவிட்டுக் காலையில் இறங்கினார். மணவாளக்குறிச்சி தாண்டி ரோட்டோரம் விழுந்தார்.

கடியப்பட்டணத்திலிருந்து மீன் விற்க வந்த ஒரு அம்மா, தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் தலையை மடியில் தாங்கியிருக்கிறார். பிறகு ஒருநாள் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன்.

“தண்ணி குடுத்தேன் மக்கா, எறங்கல்ல. போனு அடிச்சிட்டே கெடந்து. எடுத்து, ஆளுக்கு சொகமில்லன்னு சொன்னேன். அவன் இங்கிலீசுல என்னமோ கேட்டான், எனக்கு மனசிலாவல்ல. பொறவும் அடிச்சான். பொறவும் அடிச்சான்” என்றார் அவர்.

காய்ச்சல் இதயத் தசையைப் பிடித்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஓய்வெடுத்திருந்தால் பிழைத்திருப்பார். ஓய்வெடுத்திருந்தால் போதும். வேறு மருந்துகூட வேண்டியிருக்காது.

ஓடினதுதான் ஆளைக் கொன்றது என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அல்ல. ஓட்டம் அவருக்குத் தூக்கம் கொடுத்தது, சிரிப்புக் கொடுத்தது. வேலையும் கெட்டதல்ல, எங்களுக்கெல்லாம் சோறு போட்டது அதுதான். “இன்றைக்கு எனக்கு முடியவில்லை, வரமாட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டில் இல்லை, ஓய்வுநாள் பள்ளியில் இல்லை, ஆபீசில் சொல்லவே வேண்டாம். முடியாமல் போய் நின்றவனை மெச்சத்தான் நமக்குத் தெரிந்தது.

இப்போது தம்பி. கம்பெனியில் அண்ணன் படம் போட்ட பனியன் அடித்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் நாளைக்கு எல்லோரும் ஓடுகிறார்கள்.

“நெஞ்சு பிடிக்குன்னு நீதானே சொன்னா மக்கா? எக்கோ எடுத்துட்டு அடுத்த மாசம் ஓடுலே” என்றேன்.

“நான் அண்ணனுக்க தம்பி. நான் ஓடல்லன்னா ஆளுவ என்ன சொல்லுவாவ? எக்கோ பொறவு பாக்கலாம். இந்த புராஜெக்ட் முடியாம லீவு கேக்க முடியாதுக்கா.”

“ஓடுகதுக்கு மட்டும் நேரம் உண்டா?”

“அது ஆபீசு புரோகிராம்லா.”

அவன் காலைப் பிடித்தேன். அக்கா தம்பியின் காலைப் பிடிப்பது எந்த ஊர் முறை? பிடித்தேன். “எந்திக்கா, ஆராவது பாத்தா நாணக்கேடு” என்று கையை விலக்கிவிட்டு, அடித்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா அழுகிறார், ஆனால் அண்ணனுக்கு மரியாதை என்பதால் வாய் திறக்கவில்லை. மைனிக்குப் பேசத் திராணி இல்லை. பெரியப்பாதான் ஜெபம் செய்து ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறாராம். மண்டைக்காட்டு முக்கில் நீங்கள் எலுமிச்சைத் தண்ணீரோடு நின்று கைதட்டப் போகிறீர்களாம்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணனைத் தாங்கிய அந்த அம்மாவுக்கும், மீனை இறக்கிப் போட்டுவிட்டு டெம்போவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த தம்பிமாருக்கும், கடைசிவரை போராடிய டாக்டருக்கும், சபைப் போதகருக்கும், அடக்கத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது கஞ்சி கொண்டு வந்த அயல்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்குக் கைதட்ட வராதீர்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வாருங்கள். பெரியப்பா, நீங்கள் அவனுக்காக ஜெபிக்க வேண்டியது ஆஸ்பத்திரி வராந்தாவில். நாளைக் காலைக்கே டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன், காரும் சொல்லியாயிற்று. ஆளைத்தான் ஏற்ற முடியவில்லை. இந்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் வாசித்துப் பார் என்று அவனிடம் கொடுத்தேன். “நேரமில்லக்கா, நீயே பாத்துக்க” என்றுவிட்டான். ஆகவே இதில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. இப்போதும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். எழுந்து போய் அதை அவன் கையிலிருந்து வாங்குங்கள். நாலு பேர் முன்னால் கோபப்படுவான், கத்துவான். கத்தட்டும். அண்ணன் ஒரு தடவை என்னைக் கத்தித் திட்டமாட்டாரா என்று ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருப்பவள் சொல்கிறேன், அவன் கத்தட்டும்.