தொலைந்துபோன மெர்சியும் தொலையாத நானும்

இன்று காலை பாளையங்கோட்டை பஸ்ஸில் போகும்போது என் கல்லூரித் தோழி மெர்சி வீடியோ காலில் வந்தாள். ஜப்பானைத் தனியாகச் சுற்றப் போனவள், ரயில் மாறி ஏறி ஏதோ மலையடிவார ஊரில் நின்றாள்.

"ஏட்டி, நான் பேசுதது இங்கன ஒருத்தருக்கும் புரியல. அழுகையா வருது."

"பயப்படாத. எதிர்ப்பக்கம் போயி அடுத்த வண்டியில ஏறு" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது. பாவப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறுதான் எரிந்தது.

பதினோரு வருடமாக நான் இதே பஸ்ஸில்தான் ஆபீஸுக்குப் போகிறேன். இன்று என் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை. எங்கே போகிறதோ போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

"எக்கா, ஒங்க ஆபீஸ் வந்துட்டு. பைய எறங்குங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கிவிட்டேன்.

உங்கள் ஊரிலாவது நிம்மதியாகத் தொலைந்துபோக விடுகிறார்களா?