வாபஸ் வாங்காத வழக்கு

கொரோனாக் காலம் முடிந்து பாடசாலைகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கெலிஓயாப் பக்கமிருந்து கண்டி டவுனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் நான். அன்றும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேராதனை வீதியால் போய்க்கொண்டிருந்தேன். காலை நேரத்தில் அந்த வீதி எப்படி இருக்கும் என்று கண்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேனுக்குள்ளே ஒருத்தி செய்யாத வீட்டுப்பாடத்தை மடியில் வைத்து எழுதுகிறாள். இரண்டு பேருக்கு யன்னல் பக்கத்துக்காகச் சண்டை. பின்னால் ஒருவன் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான், வேன் முழுக்கச் சம்பல் வாசம். நானும் பாதி நேரம் அதட்டிக்கொண்டும் பாதி நேரம் சிரித்துக்கொண்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது என்பது என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

கெட்டம்பேயைத் தாண்டும்போது பின்னால் வந்த கார் ஒன்று இடது பக்கமாக முந்தியது. என் வேனின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் முன்னால் குறுக்கே நின்றது. நான் ஹோர்னை ஒரு அழுத்து அழுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் வேனே அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கத்தாமல் என்ன செய்வார்கள்? கண்டியில் றக்பி என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் கண்டி டீமில் விளையாடிய ஒரே தமிழ்ப் பையன் அவர். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் நான் தொண்டை கட்டும் வரை விசில் அடிப்பேன். நமக்கு வணக்கம் சொல்லத்தான் வருகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே யன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

முதலில் வந்தது சாராய வாடை. இராத்திரி தொடங்கியது இன்னும் முடியவில்லை என்று அந்தக் கண்களே சொல்லின. கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாயில் ஒரு குத்து. விழும்போது தரையில் ஊன்றிய என் இடது கையைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். ஒருமுறை அல்ல. பெயர் சொல்லிக் கத்திய பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அந்த அழுகைதான் இன்றும் என் காதில் இருக்கிறது. வீதியில் போன இரண்டு மூன்று பேர் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். ஆள் யாரென்று தெரிந்ததும் பிடித்த கையைத் தாங்களே விட்டுவிட்டார்கள்.

கையில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. முன் பற்கள் இரண்டு போய்விட்டன. பொலிஸார் ஆஸ்பத்திரிக்கே வந்து முறைப்பாட்டை எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் என்னைப் பார்க்கத் தாயோடு வந்த ஒரு சின்னவள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், நாங்க கத்துனதுனாலதான் அவருக்குக் கோவம் வந்துச்சா?"

"இல்லடா கண்ணு, உங்க மேல ஒரு பிழையும் இல்ல" என்றேன். ஆனால் அந்த ஒரு கேள்விக்காகவே அவரை உள்ளே தள்ளாமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். எனக்கு வந்த கோபம் அப்படிப்பட்ட கோபம்.

கோபம் வந்தால் மட்டும் போதுமா? அது நிற்க வேண்டுமே. முதலில் டீம்காரர்கள் வந்தார்கள். அப்பிள், முந்திரிகை, மால்ட் டின், கூடவே எல்லா வீரர்களும் கையெழுத்துப் போட்ட ஜேர்சி ஒன்று. அதைக் கட்டிலில் விரித்துக் காட்டினார்கள். கட்டுப் போட்ட கையோடு நான் அதை எப்படி மாட்டுவதாம்? வேனைத் திருத்தித் தருகிறோம், நல்லபடி பேசி முடித்துக்கொள்வோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்களுக்குப் பின்னால் எங்கள் கோயில் சபையில் இருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார்.

"நம்ம சனத்துல ஒரே ஒரு பையன்தான் அந்த எடத்துக்குப் போயிருக்கான். அவனை நாமளே காலை வாரி விடலாமா, சொல்லுங்க?"

அதற்கும் நான் பிடி கொடுக்கவில்லை. கடைசியாக என்னை அடித்தவருடைய அம்மா வந்தார், நான் வீட்டுக்கு வந்த பிறகு. கொழுந்து பறித்தே மகனைப் படிக்க வைத்தவர். அவருக்கும் கையில் கட்டு, கழுத்திலிருந்து துணி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். நானும் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். என்னம்மா இது, இரண்டு பேரும் ஜோடி சேர்ந்துவிட்டோமே என்று கேட்டேன்.

"குளிக்கிற எடத்துல வழுக்கிட்டேன்யா" என்றார். பிறகு அழுதார். "அவன் கெட்டவன் இல்லய்யா. இந்த வெளையாட்டு போச்சுன்னா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஒங்க புள்ளையா நெனைச்சு விட்டுருங்கய்யா."

ஒரு தாய் கை முறிந்த நிலையில் பஸ் ஏறி வந்து அழும்போது என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "சரிம்மா, நான் வாபஸ் வாங்கிர்றேன். நீங்க அழாமப் போங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவிக்கும் அது சரியென்றே பட்டது.

வழக்குத் தவணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வந்தவர் வீட்டுக்குள் வந்துதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவரேதான். நான் எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். அவர் அதைக் கவனித்து, கதவுக்குப் பக்கத்திலேயே கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். வாடை எதுவும் இல்லை.

"அண்ணே, அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. வாபஸ் வாங்குறேன்னு சொல்லிட்டேன். கவலைப்படாமப் போங்க தம்பி."

"அதுக்குத்தான் வந்தேன். வாங்காதீங்க."

எனக்கு விளங்கவில்லை. ஏதோ மிரட்டலுக்கு அடி போடுகிறார் என்றுகூட நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனார். முழங்காலில் அடிபட்ட பிறகு மாத்திரை இல்லாமல் விளையாட முடியவில்லையாம். மாத்திரை போட்டால் தூக்கம் வராதாம், தூங்குவதற்குக் குடியாம்.

"என்ன செஞ்சாலும் காலையில எழும்புறப்ப யாராவது எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிருப்பாங்கண்ணே. போன வருஷம் ஒரு ஹோட்டல்ல வேலை செய்யிற பையனைப் போத்தலால அடிச்சேன். அவனையும் பேசி வாபஸ் வாங்க வச்சாங்க. அடுத்த மெட்ச்ல நான் ட்ரை போட்டு டீமை ஜெயிக்க வச்சேன், எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டினாங்க."

தட்டினவர்களில் நானும் ஒருவன். அந்த மெட்ச் எனக்கு நல்லாய் ஞாபகம் இருந்தது.

"நீங்களே கோர்ட்ல ஒத்துக்கிட்டாப் போச்சே. எதுக்கு என்கிட்ட வாறீங்க?" என்று கேட்டேன்.

"லோயர் விடமாட்டேங்கிறாரு. டீம் விடமாட்டேங்குது. நீங்களும் சரின்னுட்டா கேஸே இல்லை, நான் எதைண்ணே ஒத்துக்கிறது?" பிறகு என் கைக்கட்டைப் பார்த்தார். "அம்மா கை எப்படி ஒடைஞ்சிச்சுன்னு சொன்னாங்க?"

"வழுக்கி விழுந்தேன்னாங்க."

"நான் தள்ளிவிட்டேன். மறுநாள் காலையில, நான் கேக்குறதுக்கு முன்னாடியே, வழுக்கி விழுந்துட்டேன்னு என்கிட்டயே சொல்றாங்கண்ணே. எனக்கே!"

அடுத்த தடவை யாராவது செத்துப் போவார்கள், அது அம்மாவாகவும் இருக்கலாம் என்றார். இன்னொன்றும் கேட்டார். தான் வந்து போனது அம்மாவுக்குத் தெரியவே கூடாதாம். தெரிந்தால், தன் கை முறிந்ததால்தான் மகன் உள்ளே போனான் என்று அவர் நினைத்து நினைத்தே உடைந்து போவாராம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னய்யா ஆளு நீ! அடிக்கிறதும் நீ, ஒங்கம்மா திட்டை வாங்குறது நானா?"

"ஆமாண்ணே" என்றார். என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் நீதவான் என்னைப் பார்த்து, சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்டார். முன் வரிசையில் கோயில் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் அந்த அம்மா, என்னைப் பார்த்து நன்றியோடு சிரிக்கிறார். குற்றவாளிக் கூண்டைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"விருப்பமில்லை" என்றேன்.

லோயர் ஏதோ சொல்ல எழும்பப் பார்த்தார். அவர் எழும்புவதற்குள் அந்தத் தம்பி தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டார். சத்தம் தெளிவாக வந்தது.

வெளியே அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "சரின்னு சொன்ன வாய்தானேய்யா அது! என் புள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே. நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். கார் தரிப்பிடம் வரை அவர் குரல் கேட்டது.

அந்தத் தம்பி சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். டீம் அவரைச் சேர்க்கவில்லை, அந்த முழங்காலோடு இனி அவரால் ஓடவும் முடியாது. தெல்தெனியப் பக்கம் ஒரு டயர் கடையில் நிற்கிறாராம். குடியை விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் பிள்ளைகளை என் வேனிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு தமிழ்ப் பையன் முன்னுக்கு வருவது பொறுக்காதவன் என்று எனக்குப் பெயர். கோயிலில் பெரியவர் என்னைக் கண்டால் திருநீற்றுத் தட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார். அதெல்லாம் போகட்டும். அந்த ஹோட்டல் பையனையாவது அன்றைக்குப் பேசி மசிய வைக்காமல் விட்டிருந்தால், அவனாவது முடியாது என்று சொல்லியிருப்பானே! அப்போது அவருடைய முழங்காலும் இவ்வளவு கெடவில்லை, வயதும் இருந்தது. இரண்டொரு வருடத்தில் திரும்பி வந்து விளையாடியிருப்பார். அநியாயமாகப் போன ஆட்டம்.

போன மாதம் டவுனில் பஸ் தரிப்பிடத்தில் அந்த அம்மாவைக் கண்டேன். மரக்கறிப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார், அந்தக் கையால்தான். கை நன்றாக இருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூப்பிட வாய் வரை வந்தது, கூப்பிடவில்லை. திரும்பி வந்து வேனை எடுத்தேன்.

குளிர் நாட்களில் கியர் மாற்றும்போது என் இடது கை இன்னும் நோகிறது. நோகும்போதெல்லாம் அவர் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வரும். அவருக்காகக் கை தட்ட இந்த ஊரில் நாங்கள் அத்தனை பேர் இருந்தும், 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஒருவரும் இல்லாமல், அவர் மிதித்த கைக்காரனையே தேடி வர வேண்டியிருந்ததே என்று நினைக்கும்போது, கையைவிட மனசுதான் அதிகம் நோகிறது.